இரண்டு சொட்டு எண்ணெய்

வங்கியில் மூன்று பேரும் உட்கார்ந்துதான் பேசினார்கள். காவலாளி மடியில் துப்பாக்கியோடு ஸ்டூலில், எதிரே காசாளர், மேனேஜர் காலையில் உட்கார்ந்த இடத்திலேயே.

“துருவுக்கு எந்த எண்ணெய்ங்க நல்லது?” என்றார் மேனேஜர்.

காவலாளிக்குக் குஷி வந்துவிட்டது. “கெட்டி எண்ணெய் ஈரத்தை அண்ட விடாது, சார். ஆனா ஏற்கெனவே பிடிச்ச துருவுக்கு மெல்லிசுதான். இடுக்குல எலி மாதிரி நுழைஞ்சிடும்.”

“சமையல் எண்ணெய்?” என்றார் காசாளர்.

“பிசினாப் போயிடும். துப்பாக்கி என்ன வாணலியா?”

“அப்ப மெல்லிசு எண்ணெயே விடுங்க,” என்றார் மேனேஜர்.

“தலைமை அலுவலக அனுமதி வேணும், சார். போன மாசம் உங்க நாற்காலிக்கு ரெண்டு சொட்டு விட்டதுக்கு, துப்பாக்கி எண்ணெயைத் திருடினேன்னு நீங்கதானே மெமோ கொடுத்தீங்க? இன்னொண்ணு வந்தா என் வேலை போச்சு.”

மேனேஜர் பெருமூச்சு விட்டார். “அனுமதி கேட்டு எழுதுங்க. கையெழுத்துப் போடறேன்.”

காசாளர் எழுதிய கடிதத்தைக் காவலாளி கழிப்பறைக் கதவின் அடியில் தள்ளினார். காலையில் உள்ளே போன மேனேஜரைத் துருப்பிடித்த பூட்டு இன்னும் வெளியே விடவில்லை. கையெழுத்தோடு கடிதம் மட்டும் திரும்பி வந்தது.

“அவசரம்னு போடுய்யா,” என்றது கதவு.

காவலாளி உறைமேல் ‘அவசரம்’ என்று நிதானமாக எழுதி, எச்சில் தொட்டு ஒட்டி, தெருமுனைத் தபால் பெட்டியில் போட்டார்.