மூன்றாவது துளை

சனிக்கிழமை காலை, ஒஹாயோவில் தங்கள் கார் கொட்டகையில், ஒரு சினிமாவில் வரும் விண்வெளி வீரனுடையதைப் போலவே வெர்ன் தன் கையால் செய்த கவசத்தின் முதுகு வாரை மனைவி லோர்னா இழுத்து மாட்டினாள்.

“மூச்சைப் பிடி வெர்ன்... ம்ஹூம், மூணாவது துளைதான்.”

“படத்துல ரெண்டாவதுல மாட்டியிருக்கான். அச்சு அசலா அப்படியே இல்லேன்னா ரசிகர் சங்கத்துல ஒத்துக்க மாட்டாங்களே!”

“அவன் தினம் நாலு டோனட் திங்கலையே!”

செவ்வாயன்று வெர்ன் மாரடைப்பில் போய்விட்டார்.

அவர் ஆசைப்பட்ட ஒப்புதலையாவது வாங்கிவிட நினைத்து, லோர்னா ஒரு ஜவுளிக்கடை ஒல்லிப் பொம்மைக்குக் கவசத்தை மாட்டினாள். ஒப்புதலுக்காகப் புகைப்படம் எடுக்க வந்த சங்கத்து டெல் வாரை இழுத்தார். இரண்டாம் துளைக்கு எட்டவில்லை. உள்ளே கைவிட்டுத் துழாவினார்.

“வெறும் காத்துதான் லோர்னா!”

இருவருமாக இழுத்தார்கள்.

“மூச்சைப் பிடி வெர்ன்,” என்று சிரித்தாள் லோர்னா.

மூன்றாவது துளைதான்.