கடலுக்கு ஓர் ஒத்திகை

ஒத்திகைதான் என்றாலும் பைகள் கனமாக இருக்க வேண்டும் என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

தொழிற்சாலையில் அவர் பாதுகாப்பு அதிகாரி. தீப்பிடிக்காத கட்டடத்திலிருந்து ஆட்களை மூச்சிரைக்க வெளியே ஓட விடுவதற்குச் சம்பளம் வாங்குபவர்.

அந்த மூளையில் உதித்த யோசனை இது. விடுமுறைப் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே வீட்டைப் பூட்டிக்கொண்டு மூட்டை முடிச்சோடு ரயில் நிலையம் வருவது. ரயிலில் ஏறி உட்கார்ந்து பார்ப்பது. கிளம்புவதற்குள் இறங்கி வீட்டுக்குத் திரும்பிவிடுவது.

காரணம் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு விடுமுறைக்கும் கடலுக்குத்தான் கிளம்புவார்கள். பாதி வழியில், அடுப்பை அணைத்தோமா என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிடும். டாக்ஸியைத் திருப்பச் சொல்வார்.

அடுப்பு அணைந்திருக்கும். ரயில் போயிருக்கும்.

மகள் கடலைக் காலண்டரில்தான் பார்த்திருக்கிறாள். போன விடுமுறையில் மனைவி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள்.

"இன்னொரு தடவை வண்டியைத் திருப்பினீங்கன்னா, அப்புறம் நானும் பொண்ணும் எங்க பாட்டுக்குப் போயிடுவோம். நீங்க அடுப்பைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருங்க."

இன்றைக்கு அந்தத் தொல்லையே இல்லை. அடுப்பை அணைத்தார். பூட்டை ஒரே ஒரு முறை இழுத்துப் பார்த்தார். டாக்ஸியில் பாட்டு முணுமுணுத்தார். ஒத்திகைக்குப் போய் யாராவது பதறுவார்களா?

செடிகளுக்குத் தான் தண்ணீர் விட்டுக்கொள்வதாகப் பக்கத்து வீட்டு அம்மாள் வாசலில் நின்று சொன்னபோது, அந்த அம்மாளையும் ஒத்திகையில் சேர்த்துக்கொண்ட மனைவியை மனதுக்குள் மெச்சிக்கொண்டார்.

ரயிலில் மனைவி நேராகப் போய் ஓர் இருக்கைக்கு அடியில் பைகளைத் தள்ளினாள். மகள் ஜன்னலோரம் பாய்ந்தாள். இடத்துக்கு யாரும் சண்டைக்கு வரவில்லை. நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டு அவர் காலை நீட்டினார்.

"பாத்தியா? முன்கூட்டியே யோசிச்சு வெச்சா எவ்வளவு நிம்மதி!"

"ஆமாங்க" என்றாள் மனைவி. அவள் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்ளும் ஆளில்லை. அது அவருக்கு அப்போது உறைக்கவில்லை.

விசில் ஊதினார்கள்.

"சரி, ஒத்திகை முடிஞ்சுது. எறங்குங்க, எறங்குங்க!" தொழிற்சாலையில் தட்டுவது போலவே கையைத் தட்டினார்.

யாரும் எழவில்லை. மகள் ஜன்னல் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

நடைமேடை பின்னால் நகர ஆரம்பித்தது.

மனைவி கைபேசியை நீட்டினாள். மூன்று பேருக்கும் டிக்கெட். இன்றைய தேதி.

"நீங்க ஒத்திகைன்னு சொன்ன அன்னைக்கே அடுத்த வாரத்து டிக்கெட்டை அம்மா கேன்சல் பண்ணிட்டாங்கப்பா" என்றாள் மகள், வெளியே பார்த்தபடியே.

"உங்க மேனேஜர்கிட்டயும் லீவு சொல்லியாச்சு" என்றாள் மனைவி. "சந்தோஷமா போயிட்டு வரச் சொன்னாரு. அவருக்குத்தான் நம்மளவிட சந்தோஷம்."

அவருக்குப் பதற வேண்டும் போலிருந்தது. எந்நேரமும் அந்தச் சந்தேகம் வந்துவிடும் என்று காத்திருந்தார். அடுப்பு? அணைத்தாயிற்று. பூட்டு? இழுத்தாயிற்று. குழாய், கொல்லைக் கதவு, மொட்டை மாடி விளக்கு? எல்லாவற்றையும் பாட்டுப் பாடிக்கொண்டே பார்த்து முடித்திருந்தார். சந்தேகம் வரவில்லை. வீடுகள் போய் வயல்கள் வரும்வரை ஒரு காரணம் தேடினார். ஒன்றும் சிக்கவில்லை.

தோற்றுப்போய்த் தொண்டையைச் செருமினார்.

"சரி, திரும்பி வர்றது என்னைக்கு?"

மனைவி காற்றுத் தலையணையை ஊதிக்கொண்டிருந்தாள். வாயிலிருந்து அதை எடுத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"அதை உங்ககிட்ட யாராவது சொல்லுவாங்களா?"