காலி இடத்தில் பிரிஜெட்

"அடக்கம் எத்தனை மணிக்குன்னு எனக்கே போன் பண்ணிக் கேக்கறாங்க மேன்!"

உள்ளே நுழைந்த அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். கையில் ஒரு பிரின்ட் அவுட். அதைச் சேஷகிரியின் மேஜை மேல் அறைந்தார்.

'என் அன்பு மனைவி பிரிஜெட் 14-10-2001 அன்று இறைவனில் இளைப்பாறினார். பிரிவால் வாடும் கணவர் ஓஸ்வால்ட், ரிச்சர்ட்ஸ் டவுன்.'

"கூத்கொள்ளி மேடம், மொதல்ல உட்காருங்க," என்றார் சேஷகிரி, கன்னடமும் தமிழுமாக. பெங்களூர் அல்சூரில் ஒரு மாடி அறையில், வாழ்த்துக்கும் இரங்கலுக்கும் இணையப் பக்கம் போட்டுக் கொடுக்கும் கம்பெனியின் முதலாளி அவர். "பிரிஜெட் உங்களுக்கு யாரு?"

"நான்தான்!"

சேஷகிரி எழுந்து நின்றுவிட்டார். அனுதாபம் சொல்லத் தயாராக வைத்திருந்த முகத்தை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

"ஒரு வருஷமா நான் அத்திபெலேல எங்க அக்கா வீட்ல இருக்கேன். அவ பையன் நேத்து நெட் சென்டர்ல இதைப் பார்த்துட்டு அழுதுகிட்டே ஓடி வந்தான். கதவைத் திறந்தது நான். மயங்கி விழுந்துட்டான். நாளைக்குக் காலையில சர்ச்சுல என் ஆன்மா இளைப்பாறப் பூசை வேற ஒப்புக்கொடுக்கறாங்களாம். யார் வேலை இது? எனக்கு இப்பவே தெரியணும். கீழே ஆட்டோவுல வக்கீல் உட்கார்ந்திருக்கார்."

வக்கீல் என்றதும் சேஷகிரிக்கு வியர்த்தது. "ஆண்ட்ரூ!" என்று கத்தினார்.

மூலையில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த ஆண்ட்ரூ எழுந்து வந்தான். அந்தக் கம்பெனியின் ஒரே ப்ரோகிராமர். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். இந்த வாரம்தான் நிரந்தரமாக்குவதாக இருந்தது.

"ஆன்ட்டி, இது எப்படின்னா," என்று ஆரம்பித்தான். "வாசகத்தை டேட்டாபேஸ்ல ஒரே ஒரு தடவை எழுதி வெச்சிருப்போம். பேரு, தேதி, ஊரு வர்ற இடத்தை மட்டும் காலியா விட்டிருப்போம். யாராவது பக்கத்தைத் திறந்தா, கம்ப்யூட்டர் அந்தக் காலி இடத்துல பேரைப் போட்டுக் காட்டும்."

"அதாவது, குழியைத் தோண்டி வெச்சுட்டு ஆள் தேடறீங்க."

"அப்படி இல்ல ஆன்ட்டி..."

"அது என்ன, அன்பு மனைவி? அந்த ஆளு இருபத்தஞ்சு வருஷத்துல ஒரு தடவைகூட அப்படிச் சொன்னதில்லையே!"

"'அன்பு' எங்க வாசகத்துலயே வந்துடும் ஆன்ட்டி. எல்லாருக்கும் உண்டு."

"நெனைச்சேன்."

ஆண்ட்ரூ தன் இடத்துக்குப் போய் ஏதோ தட்டினான். திரையைப் பார்த்தான். திரும்பவும் பார்த்தான். சேஷகிரிக்குப் பொறுக்கவில்லை.

"என்னடா தெரியுது? சொல்லித் தொலை!"

பிரிஜெட் நாற்காலியில் உட்கார்ந்தார். குரல் திடீரென்று இறங்கிவிட்டது. "நேத்து எங்க கல்யாண நாளு. இருபத்தஞ்சாவது. காலையிலேர்ந்து போன் பக்கத்துலயே இருந்தேன். வந்தது எல்லாம் துக்கம் விசாரிக்கிற போனு."

ஆண்ட்ரூ அவரைத் திரும்பிப் பார்த்தான்.

"ஆன்ட்டி, தப்பு என்னுதுதான்," என்றான். "கல்யாண நாள் வாசகம் ஏழாம் நம்பர், இரங்கல் எட்டாம் நம்பர். அங்கிள் ஏழைத்தான் கேட்டிருக்கார். என் ப்ரோகிராம் எட்டை எடுத்துப் போட்டுடுச்சு. ரெண்டே நிமிஷம் குடுங்க."

"ரெண்டு நிமிஷத்துல உயிர் குடுத்துடுவியா?"

ஆண்ட்ரூ வேகமாகத் தட்டினான். பிறகு திரையைத் திருப்பிக் காட்டினான்.

'இருபத்தைந்தாம் திருமண நாள் வாழ்த்துகள், என் அன்பு மனைவி பிரிஜெட்டுக்கு. நீ இல்லாமல் வீடு வீடாக இல்லை. கணவர் ஓஸ்வால்ட், ரிச்சர்ட்ஸ் டவுன்.'

பிரிஜெட் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"இந்த 'வீடு வீடாக இல்லை' யாரு போட்டது? இதுவும் எல்லாருக்கும் உண்டா?"

"இல்ல ஆன்ட்டி. அது அவரே டைப் பண்ணினது."

பிரிஜெட் திரையருகே குனிந்தார். "எழுத்துப் பிழையே இல்லாம எப்படி டைப் பண்ணினார்?" என்று மட்டும் கேட்டார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"வக்கீலைப் பஸ்ஸுல போகச் சொல்லிடறேன். ஆட்டோ எனக்கு வேணும். அக்கா வீட்டுக்கு இனிமே எதுக்கு? ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கம்தானே." வாசலில் நின்று திரும்பினார். "அந்தப் பூசையை மட்டும் நானே போய் நிறுத்திக்கறேன்."

அவர் படியிறங்கும் சத்தம் ஓய்ந்ததும் சேஷகிரி பிடித்துக்கொண்டார்.

"உயிரோட இருக்கற பொம்பளையைக் கொன்னுட்டியேடா! இந்த வருஷம் உனக்குப் பர்மனென்ட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஏழுக்கும் எட்டுக்கும் வித்தியாசம் தெரியாத ப்ரோகிராமர் எனக்கெதுக்கு?"

"சாரி சார்," என்றான் ஆண்ட்ரூ, தலையைக் குனிந்தபடி.

சேஷகிரி காபி குடிக்கக் கீழே போனார். ஆண்ட்ரூ டேட்டாபேஸில் இருந்த எண்ணைப் பார்த்து அவசரமாகப் போனைச் சுழற்றினான்.

"ஓஸ்வால்ட் அங்கிளா? பிரிஜெட் ஆன்ட்டி ஆட்டோவுல உங்க வீட்டுக்குத்தான் வந்துட்டிருக்காங்க, கதவைத் திறந்ததும் கல்யாண நாள் வாழ்த்து சொல்லுங்க. 'நீ இல்லாமல் வீடு வீடாக இல்லை'ன்னு நீங்க எழுதினதா நானே எழுதிக் காட்டியிருக்கேன். என் ப்ரோகிராம்ல ஒரு தப்பும் இல்ல, இரங்கலைத் தேர்ந்தெடுத்து அவங்க பேரை டைப் பண்ணினது நீங்கதான்னு அவங்களுக்கு நான் சொல்லலை."