ஒரு பல் முன்னால்

எஞ்சினில் ரேஸ் கேம்ஷாஃப்ட் போட்ட நாளிலிருந்து அந்தக் கார் மெக்கானிக்கின் உயிரை வாங்கியது. அதைச் சுழற்றும் பல் வைத்த டைமிங் பெல்ட்டைக் குறிக்கு நேராக மாட்டினால் எஞ்சின் இருமும். பத்து நிமிடத்தில் தானாகவே சீராகும். திறந்து பார்த்தால் பெல்ட் ஒரு பல் முன்னால் தாவியிருக்கும். பெல்ட்டை மாற்றினார், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரை மாற்றினார். மூன்று முறையும் அதே ஒரு பல்.

“இந்த மாதிரி கேம்ஷாஃப்டுக்கு ஒரு பல் முன்னாடி வைக்கணும் மாமா” என்று சொன்னதற்காகத்தான் போன வருஷம் மைத்துனனைக் கடையை விட்டுத் துரத்தினார். “எனக்கே பாடம் எடுக்கிறியா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டார். வேறு கடைக்குப் போனவன், அங்கே ஜாக்கி சரிந்து காருக்கு அடியிலேயே முடிந்துபோனான். அன்றிலிருந்து அவன் அக்கா, அதாவது மெக்கானிக்கின் மனைவி, “சாப்பிட வாங்க” என்பதற்கு மேல் அவரிடம் பேசுவதில்லை.

நான்காம் முறை மூடியைக் கழற்றினார். அவர் வைத்த வெள்ளைக் குறியைக் காணோம். ஒரு பல் தள்ளி, கருஞ்சிவப்பில் மெல்லிய கோடு இருந்தது. அக்காவின் நகப்பூச்சைச் சுட்டுவந்து குறி வைப்பது மைத்துனனின் பழக்கம்.

பெருவிரலால் தேய்த்தார். ஒட்டிக்கொண்டது.

“சாப்பிட வாங்க” என்று வந்த மனைவி அந்த விரலையே பார்த்தாள்.

“அந்த நகப்பூச்சு பாட்டிலை அவன் சட்டைப் பையில வச்சுத்தானே சுடுகாட்டுக்கு அனுப்பினேன்” என்றாள்.

விரலில் பூச்சு இன்னும் காயவில்லை.