அழுகை போதவில்லை

ஹாலிவுட்டில் ஊமைப்படங்கள் எடுத்துவந்த டைரக்டர் ஆர்வில், கல்லறைத் தோட்டத்தில் துணை நடிகர்களுக்காகக் காத்திருந்து கடுப்பாகியிருந்தார். ஒருவழியாகச் சவப்பெட்டியோடு கூட்டம் வந்தது.

கேமரா ஓடியது. விதவை கல்லாக நின்றாள்.

"ஏம்மா, செத்தது உன் புருஷனா, பக்கத்து வீட்டு நாயா? அழும்மா."

"வரலையே சார்."

"பெட்டியத் திரும்பத் தூக்குங்கப்பா. முதல்லேருந்து."

மூன்றாம் தடவை அவள் பெட்டிமேல் விழுந்து கதறியதில் ஆர்விலுக்கே கண் கலங்கிவிட்டது.

அப்போது உதவியாளன் லெஸ்டர் மூச்சிரைக்க ஓடிவந்தான். "சார், நம்ம ஆளுங்க வந்த லாரி வழியில படுத்துடுச்சு. இப்பத்தான் கிளம்புறாங்களாம்."

ஆர்வில் பெட்டியைத் திரும்பிப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். "அம்மா, என்னை மன்னிச்சிடுங்க."

"எதுக்கு சார்?" விதவை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அழலைன்னா மாமியார் என்ன சொல்லுவாங்களோன்னு பயந்துட்டே வந்தேன். சவ அடக்கக் கம்பெனி அழச் சொல்லிக்கொடுக்கவும் ஆள் அனுப்பும்னு தெரியாமப் போச்சு."