புது ஸ்டேஷனில் இறங்கியவர்

பத்தே கால் வண்டியிலிருந்து ஒரே ஒருவர்தான் இறங்கினார். அவரும் தவறி இறங்கிவிட்டார் என்றுதான் ஸ்டேஷன் மாஸ்டருக்குத் தோன்றியது.

கறுப்புக் கண்ணாடி. கையில் வெள்ளைக் கோல். வண்டி போன பிறகும் நின்ற இடத்திலேயே நின்று, தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்.

ஸ்டேஷன் மாஸ்டர் தன் அறையிலிருந்து கிட்டத்தட்ட ஓடினாள்.

ஸ்டேஷன் திறந்து இன்று மூன்றாவது நாள். முதல் இரண்டு நாளில் இறங்கியவர்கள் மொத்தம் ஏழு பேர். அதில் நான்கு பேர் ஸ்டேஷனுக்கே வேலைக்கு வந்தவர்கள்.

நாற்பது வருடமாக இந்த இடத்தில் வெறும் சிக்னல் கம்பம்தான் இருந்தது. சிவப்பு விழுந்து வண்டி நின்றால், அவசரக்காரர்கள் ஜல்லியில் குதித்து, முட்டியைப் பெயர்த்துக்கொண்டு, பின்னாலிருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு நடப்பார்கள். வயிற்றுவலிக்கு வந்தவர் காலுக்கும் கட்டுப் போட்டுக்கொண்டு திரும்புவார் என்று கேலி பேசுவார்கள்.

பதினொரு வருடம் மனு மேல் மனு போட்டு, கடைசியில் பிளாட்பாரம் வந்தது. ஒரு டிக்கெட் ஜன்னல். நாற்பது நிமிடத்துக்கு ஒரு வண்டி. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத பெஞ்சுகள்.

மனுப் போட்டவர்களைத்தான் காணோம். பதினொரு வருடத்தில் அவர்கள் பஸ்ஸுக்குப் பழகிவிட்டிருந்தார்கள்.

மூன்று மாதம் பார்ப்போம், ஆள் சேராவிட்டால் வண்டி நிற்காது என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். வண்டி நிற்காவிட்டால் அவள் பழைய ஜங்ஷனுக்கே போக வேண்டும். மகள் எழுவதற்குள் கிளம்பி, மகள் தூங்கிய பிறகு வீடு சேரும் வேலை அது. மகளுக்கு முன்பல் விழுந்ததைக்கூட அவள் போனில்தான் பார்த்தாள்.

இந்த நேரத்தில் ஒரு புகார் போதும். கதை முடிந்துவிடும்.

"சார், தப்பா இறங்கிட்டீங்க போலிருக்கு. அடுத்த வண்டி வர நாப்பது நிமிஷம் ஆகும். வாங்க, உக்காருங்க."

"இருக்கட்டும்மா. இங்கேருந்து ஆஸ்பத்திரிக்கு நடந்து போக முடியுமா?"

முடியும் என்றுதான் வரைபடத்தில் போட்டிருந்தது. அவளே ஒரு முறையும் நடந்ததில்லை.

டிக்கெட் ஜன்னலில் இருந்தவரிடம் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். பார்த்துக்கொள்ள இங்கே என்ன இருக்கிறது என்பது போல அவர் கொட்டாவி விட்டார்.

அவள் கையை நீட்ட, இறங்கியவர் அதை முழங்கைக்கு மேலே லேசாகப் பிடித்துக்கொண்டார்.

சரிவில் இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டார். கைப்பிடி ஒரு பக்கம்தானா? மழை பெய்தால் வாசலில் தண்ணீர் தேங்குமா? அந்த மேட்டில் சக்கர நாற்காலி ஏறுமா?

ஒவ்வொரு கேள்வியும் அவளுக்குப் புகார்க் கடிதத்தின் ஒவ்வொரு வரியாகக் கேட்டது. ஒரு பக்கம்தான் சார். தேங்கும் சார். தள்ள ஒரு ஆள் இருந்தால் ஏறும் சார். மழுப்பத்தான் நினைத்தாள். ஆனால் தன் கையைப் பிடித்து நடப்பவரிடம் பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

மதில் முடியும் இடத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் உறுமிக்கொண்டிருந்தது. அவர் சட்டென்று நின்றார்.

"இது எப்பவும் இப்படித்தான் சத்தம் போடுமா?"

ஆமாம் என்று சொல்லி அதற்கும் மன்னிப்புக் கேட்டாள். அவர் முகத்தில் ஏனோ திருப்தி தெரிந்தது. வழி அங்கேதான் இடது பக்கம் திரும்பியது.

அவள் மனதுக்குள் ஜங்ஷன் வண்டியின் நேரத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டே நடந்தாள். சாலையைக் கடந்தார்கள். ஆஸ்பத்திரியின் பின்வாசல் வந்தது. ஆறே நிமிடம்தான் ஆகியிருந்தது.

வாசலில் உட்கார்ந்திருந்த காவலாளி எழுந்தே விட்டார்.

"என்ன ஆபரேட்டர் சார், இந்தப் பக்கமா வர்றீங்க? இன்னைக்கு உங்களுக்கு லீவாச்சே?"

அவள் திரும்பிப் பார்த்தாள். கையும் களவுமாகப் பிடிபட்டவர் போல அவர் சிரித்தார்.

"இங்க போன் எடுக்கறது நான்தாம்மா. தினம் நூறு பேராவது எப்படி வர்றதுன்னு கேக்கறாங்க. இத்தனை வருஷமா பஸ்ஸத்தான் சொல்லிட்டிருக்கேன். நானே நடக்காத வழிய அவங்களுக்கு எப்படிச் சொல்றது?"

அவள் இன்னொரு பக்கக் கைப்பிடிக்கு இன்றைக்கே எழுதிவிடுகிறேன் என்று மட்டும் சொன்னாள். வாசலைத் தாண்டி அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போகக் காலெடுத்து வைத்தாள்.

அவர் உள்ளே வரவில்லை. வந்த வழியைப் பார்த்துத் திரும்பி நின்று, மறுபடியும் அவள் கைக்காகக் காத்திருந்தார்.

"வாங்க, ஸ்டேஷனுக்குப் போவோம். குணமாகி வீட்டுக்குப் போறவங்களுக்கும் வழி சொல்லணும்ல?"