முழு வலி

கோவையில் நடந்த சுயாதீனப் பட விழாவில் மெர்லின் அந்த வாரம் பதினான்கு படங்கள் பார்த்திருந்தாள். பேய்ப்படம், காதல் படம், நகைச்சுவை என எல்லாவற்றையும் ரசித்து எழுதினாள். பார்வையாளர் கையில் கட்டும் பட்டை, நடிகரின் உடம்பு உணர்ந்ததை அப்படியே அவருக்கும் கொடுக்கும். மற்றவர்கள் வலியைக் குறைத்துக்கொள்வார்கள். மெர்லின் போன்ற விமர்சகர்கள் முழுதாக வாங்கிக்கொள்வார்கள்.

கடைசிப் படத்தில் சுடலைமணி என்ற நடிகர் கைதியாக வந்தார்; அவரை லாக்கப்பில் அடித்தார்கள். மூன்றாவது அடியில் மெர்லினுக்குத் தன் விலா எலும்பே முறிந்ததுபோல் இருந்தது. மூச்சு நின்று, வாய் முழுக்க இரத்தம் கரித்தது. நடித்த அடிகள் அவளுக்குப் பழக்கம். இது நடிப்பில்லை.

வாசலில் இயக்குநர் இளம்பரிதியை மறித்தாள்.

"சுடலைமணியை நெசமாவே அடிச்சீங்களா?"

"அவன் சம்மதிச்சுதான் நடிச்சான் மேடம்."

"இப்ப எங்க அவரு?"

"ஷூட்டிங் முடிஞ்ச மறுநாள் ஆஸ்பத்திரில இறந்துட்டான்."

மெர்லின் அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். இது படமல்ல, கொலை என்று அன்றே எழுதினாள். அதைப் படித்துவிட்டு, மறுநாள் காட்சிக்கு இருமடங்கு கூட்டம் வந்தது.

வரிசையில் ஒரு பெண் சுடலைமணியின் புகைப்படத்தை மார்போடு அணைத்தபடி நின்றாள். அவன் மனைவி பேச்சித்தாய். மெர்லின் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள்.

"வேண்டாம்க்கா. உங்களால தாங்க முடியாது."

"அவுக எவ்வளவு வலியோட போனாகன்னு எங்கிட்ட யாருமே சொல்லலம்மா," என்றாள் பேச்சித்தாய். "அன்னைக்கு அவுக தனியா கெடந்தாக. இன்னைக்காவது நான் கூட இருக்கேன்."

மெர்லின் அவளை உள்ளே அழைத்துப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.